மைக் அக்கா எடுத்த பை மாற்றும் படம்

சிறுநீரக வார்டில் அவளை மைக் அக்கா என்றால்தான் தெரியும். கையில் மைக் பிடித்ததால் வந்த பெயரல்ல அது. மைக் தேவைப்படாததால் வந்த பெயர். மூன்றாம் கட்டிலருகே நின்று சாப்பிட்ட தட்டை எடுத்துக்கொள்ளலாமா என்று அவள் கேட்டால், பதினெட்டாம் கட்டில்காரர் தன் தட்டை நீட்டுவார். வாரத்தில் இரண்டு மாலை, அவள் குடியிருக்கும் தெருவின் பிரார்த்தனைக் கூடத்தில் அவள்தான் முன்னால் நின்று ஒவ்வொரு வரியாகச் சொல்லுவாள். மற்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டு திருப்பிச் சொல்லுவார்கள். அங்கே ஒலிபெருக்கி இருக்கிறது. அவள் உள்ளே நுழைந்ததும் அணைத்துவிடுவார்கள்.

படிப்பு ஐந்தாம் வகுப்பு. அதைப் பற்றி யாராவது கேட்டால் அவளே முந்திக்கொண்டு சொல்லிவிடுவாள்: ஐந்து வருடத்தில் ஒரு நாள்கூடப் பள்ளிக்கு மட்டம் போட்டதில்லை, ஆனால் போனது உடம்பு மட்டும்தான், மூளை வீட்டிலேயே தங்கிவிட்டது என்று. ஆஸ்பத்திரியில் பத்தொன்பது வருடமாக உதவியாள் வேலை. கட்டில் துடைப்பது, விரிப்பு மாற்றுவது, சக்கர நாற்காலி தள்ளுவது. தள்ளிக்கொண்டு போகும்போது நோயாளிக்கு ஆறுதல் சொல்லுவது சம்பளத்தில் சேராது. அதைக் கடவுள் கணக்கில் வைத்திருந்தாள்.

அந்த வார்டில் ஒரு வைத்தியம் உண்டு. சிறுநீரகம் கைவிட்டுவிட்டவர்களுக்கு வயிற்றில் ஒரு மெல்லிய குழாயைப் பொருத்திவிடுவார்கள். அதன் வழியாக ஒரு பை மருந்து நீரை உள்ளே விட வேண்டும். சில மணி நேரம் கழித்து அந்த நீரை வெளியே இறக்கிவிட்டு, புதுப் பையை மாட்ட வேண்டும். ஒரு நாளைக்கு நான்கு தடவை. இதை வீட்டிலேயே யாராவது செய்யக் கற்றுக்கொண்டால் நோயாளி வீட்டுக்குப் போகலாம், தன் வேலையைப் பார்க்கலாம். ஒன்றே ஒன்றுதான் சங்கடம். பையின் முனையில் விரல் பட்டுவிடக் கூடாது. பட்டால் கிருமி நேரே வயிற்றுக்குள் போகும். ஆளையே கொண்டுபோய்விடும்.

இதைக் கற்றுக்கொடுக்க வார்டில் முன்பே ஒரு படம் இருந்தது. படித்தவர்கள் எடுத்தது. திரையின் இடப்பக்கம் வயிற்றைப் பிளந்து காட்டிய சித்திரம், வலப்பக்கம் எழுத்து, அடியில் ஓடிக்கொண்டே இருக்கும் இன்னொரு வரி, மூலையில் சுற்றிக்கொண்டிருக்கும் ஆஸ்பத்திரி முத்திரை, இதற்கெல்லாம் மேலே ஓர் இசை. ஒரு குரல் அந்த எழுத்தையே படிக்கும். நாம் இரண்டாம் வரிக்கு வருவதற்குள் அது ஐந்தாம் வரிக்குப் போயிருக்கும். ஒருநாள் அந்தப் படம் ஓடிக்கொண்டிருந்தபோது, பின்னால் தரை துடைத்துக்கொண்டிருந்த மைக் அக்கா, தனக்குத்தானே சொல்லிக்கொள்வதாக நினைத்துக்கொண்டு, "ஒரே நேரத்துல நாலு கட்டில்லேர்ந்து கூப்பிட்டா நான் எந்தக் கட்டிலுக்குத்தான் போவேன்" என்றாள். அவள் தனக்குள் பேசினாலும் அது வார்டு முழுக்கக் கேட்கும். தலைமை நர்ஸ் சிஸ்டர் திரும்பிப் பார்த்தார்.

"நல்லாத்தான் சொல்றீங்க. அப்போ நீங்களே ஒண்ணு எடுத்துக் குடுங்க அக்கா."

கிண்டல் என்று நினைத்துச் சிரித்தாள். மறுநாள் பதிவேட்டு அறையில் உட்காரும் கம்ப்யூட்டர்க்காரர் கேமராவோடு வந்து நின்றபோதுதான் அது கிண்டல் இல்லை என்று தெரிந்தது. கடவுள் எனக்கு வாயை வைத்தார், அதற்கு ஒரு கதவு வைக்க மறந்துவிட்டார் என்று அன்று பலரிடம் சொன்னாள். ஆனால் உள்ளுக்குள் உச்சி குளிர்ந்துபோயிருந்தது என்பதுதான் உண்மை.

வேலை அவளுக்குத் தெரியாததல்ல. எத்தனையோ ஆயிரம் தடவை சிஸ்டர்களுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தது, பயிற்சிக்கான ரப்பர் ஏப்ரனை மாட்டிக்கொண்டு தானே வயிறாக நின்று கொடுத்தது. அந்த ஏப்ரனில் நிஜம் போலவே குழாய் தொங்கும். ஆகவே விஷயத்தைப் பற்றி அவள் கவலைப்படவில்லை. கவலைப்பட்டதெல்லாம் உடுப்பைப் பற்றி. கல்யாண வீடுகளுக்கு மட்டும் எடுக்கும் உடுப்பைப் போட்டுக்கொண்டு, சுவருக்கு இரண்டாம் பூச்சு அடித்தாற்போலப் பவுடர் பூசிக்கொண்டு வந்தாள். பின்னால் பெரிய பெரிய ரோஜா போட்ட திரைச்சீலையைத் தொங்கவிடச் சொன்னாள். கம்ப்யூட்டர்க்காரர் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, படத்தின் நான்கு மூலையிலும் பூ மலர வைத்தாள். முதல் மூன்று நிமிடம் பொறுமையின் மேன்மை, ஆண்டவனின் கருணை. பிறகுதான் பை வந்தது. பதினான்கு நிமிடமும் அவள் பிரார்த்தனைக் கூடத்தில் வரி சொல்லும் அதே குரல். ஒவ்வொரு வாக்கியமும் கடைசியில் மேலே ஏறி, ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு இறங்கும்.

டாக்டர்கள் பார்த்துவிட்டுக் கைதட்டினார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டில் கணவருக்குப் போட்டுக் காட்டினாள். அவர் தண்ணீர் மோட்டார் பழுது பார்க்கிறவர். எந்தப் பேச்சையும் திருகாணி முடுக்குவது போல நிதானமாகத்தான் பேசுவார். முழுவதும் பார்த்துவிட்டு நல்லா இருக்கு என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அது சரி, அந்தப் பையை நீ எப்போ மாத்தினே?" என்று கேட்டார். அன்று இரவுச் சாப்பாட்டை அவரே எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று.

அந்தச் சமயத்தில்தான் கண்ணாடிக் கடைக்காரர் ஒன்பதாம் கட்டிலுக்கு வந்தார். ஜன்னல் கண்ணாடியும் முகம் பார்க்கும் கண்ணாடியும் அளவெடுத்து வெட்டித் தருகிற சின்னக் கடை. ஆறு வாரமாகக் கடை பூட்டிக் கிடந்தது. வயிற்றில் குழாய் வைத்தாயிற்று; இனி அவர் மனைவி பை மாற்றக் கற்றுக்கொண்டு, சிஸ்டர் முன்னால் தப்பில்லாமல் செய்து காட்ட வேண்டும். காட்டினால் வீட்டுக்குப் போகலாம். இல்லையென்றால் வாரம் மூன்று நாள் இரண்டு பஸ் மாறி வந்து ஆஸ்பத்திரி இயந்திரத்தில் படுத்துக் கிடக்க வேண்டும்; கடையை விற்றுவிட வேண்டியதுதான். தேர்வு வைக்கும் அதிகாரம் சிஸ்டருக்கு மட்டும்தான். அவரோ அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஒரு மாதம் விடுப்பு.

அந்த அம்மாள் மாத்திரைக் கம்பெனியில் பெட்டி மடித்து அடுக்குகிறவள். பேச்சுக் குறைவு, கை துறுதுறுவென்றிருக்கும். மைக் அக்கா தன் படத்தை அவளுடைய கைப்பேசியில் ஏற்றிக் கொடுத்து, கவலையே படாதே, எல்லாம் அதில் இருக்கிறது என்றாள். எத்தனை தடவை பார்த்தாய் என்று மறுநாள் கேட்டதற்கு, இருபது தடவை ஆகியிருக்கும் என்றாள் அந்த அம்மாள். மைக் அக்காவுக்கு நடக்கும்போது கால் தரையில் பாவவில்லை.

செவ்வாய்க்கிழமை தேர்வு. மேஜையில் பை, குழாய், மூடி எல்லாம் வைத்து, பயிற்சி ஏப்ரனை மைக் அக்கா மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். ஆரம்பிக்கலாம் என்றார் சிஸ்டர். கண்ணாடிக் கடைக்காரரின் மனைவி எழுந்து நின்றாள். கண்ணை மூடினாள். கைகளைச் சேர்த்துக்கொண்டாள். பொறுமையின் மேன்மையிலிருந்து தொடங்கி, ஒரு சொல் பிசகாமல், மைக் அக்கா ஏற்றிய இடத்தில் ஏற்றி, இறக்கிய இடத்தில் இறக்கிப் படம் முழுவதையும் ஒப்பித்தாள். ஜன்னலை மூடுங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள் என்று ராகத்தோடு வந்தது. மின்விசிறி அதுபாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. சோப்புப் போட்டுக் கையைக் கழுவுங்கள் என்று வந்தது. கை சேர்த்தது சேர்த்தபடி இருந்தது.

"அம்மா, பாட்டு நல்லாயிருக்கு," என்றார் சிஸ்டர். "கை எங்க?"

கையால் செய்யச் சொன்னபோது இடது எது வலது எது என்று அவளுக்குப் பிடிபடவில்லை. பையைத் தலைகீழாகப் பிடித்தாள். முனையைத் திறந்த கணத்தில் கட்டைவிரல் அதன் மேலேயே உட்கார்ந்தது. சனிக்கிழமை ஒரு தடவை பார்க்கலாம், அதற்கு மேல் என்னிடம் நாள் இல்லை என்று சொல்லிவிட்டு சிஸ்டர் போய்விட்டார். ஒன்பதாம் கட்டிலில் கண்ணாடிக் கடைக்காரர் மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மைக் அக்கா விரிப்பு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். முதலில் சிரிப்பு வந்தது. கையைச் சேர்த்துக்கொண்டு மின்விசிறியைப் பாடின அந்த முகம் கண்ணிலேயே நின்றது. பிறகு சிரிப்பு எங்கே போயிற்றென்று தெரியவில்லை. கடவுளிடம் நேராகவே சொல்லிவிட்டாள்: உன் பேரைச் சொல்லி நான் என் முகத்தைக் காட்டிவிட்டேன் ஆண்டவரே, உனக்கு அது முதல் நாளே தெரிந்திருக்கும், ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா.

வெளியே தண்ணீர்க் குழாயடியில் அந்த அம்மாள் நின்றுகொண்டிருந்தாள். மைக் அக்கா பக்கத்தில் போய் நின்று, இருபது தடவை பார்த்தும் ஏன் இப்படி ஆயிற்று என்று மெதுவாகக் கேட்டாள். அவளுக்கு மெதுவாக வந்த ஒரே சந்தர்ப்பம் அதுவாகத்தான் இருக்கும்.

"பாக்கல அக்கா. கேட்டேன்," என்றாள் அந்த அம்மாள். "நீங்க அப்படிச் சொல்லும்போது கண்ணத் தொறந்து வச்சிருந்தா மரியாதையா இருக்குமா?"

 மாத்திரைப் பெட்டி அடுக்கும் வேலையை எப்படிக் கற்றுக்கொண்டாய் என்று மைக் அக்கா கேட்டாள்.

"அங்க யாரும் எதுவும் சொல்லித் தரல. பழைய ஆளுக்குப் பக்கத்துல ஒக்கார வச்சாங்க. எதிர்ல ஒக்காந்தா எல்லாம் மாறித் தெரியும், அதனால பக்கத்துல. அவங்க ஒரு பெட்டி மடிப்பாங்க, நிறுத்துவாங்க. நான் ஒண்ணு மடிப்பேன். அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று அவள் சொன்னது மைக் அக்காவுக்குப் பதினான்கு நிமிடத்தையும் பூவோடு சேர்த்துக் கிழித்துப் போட்டாற்போல இருந்தது.

புதன்கிழமை காலையில் கம்ப்யூட்டர்க்காரரைத் தேடிப் போனாள். இந்தத் தடவை வேலை உடுப்பு. ரோஜாத் திரைச்சீலை இல்லை. மேஜையில் பச்சைத் துணி விரித்தாள், வெள்ளைக் குழாய் பளிச்சென்று தெரியட்டும் என்று. கேமராவை எதிரில் வைக்கவில்லை. கம்ப்யூட்டர்க்காரர் அவளுக்குப் பின்னால் ஒரு முக்காலியில் ஏறி, அவள் தோளுக்கு மேலாக எட்டிப் படம் பிடிக்க வேண்டும். பார்க்கிறவருக்கு அவை தன் கைகளே போலத் தெரிய வேண்டும்.

"அப்போ உங்க முகமே வராதே அக்கா."

"இந்த முகத்தப் பாத்து யாருக்கும் பை மாட்டத் தெரிஞ்சுடாது தம்பி. நீ கையப் புடி."

முகத்தை விட்டது சுலபம். குரலை விடுவதுதான் பெரும்பாடாய்ப் போயிற்று. எந்த வாக்கியத்தை எடுத்தாலும் வால் மேலே தூக்கிக்கொண்டது. எட்டு தடவை எடுத்தார்கள். ஒன்பதாவது தடவை கம்ப்யூட்டர்க்காரர் முக்காலி மேலிருந்து, சாப்பிட்ட தட்டைக் கேட்பீர்களே, அந்த மாதிரிச் சொல்லுங்கள் என்றார். வந்துவிட்டது.

எடுத்ததை அன்று சாயங்காலம் கைப்பேசியில் வீட்டுக்குக் கொண்டுபோனாள், ரப்பர் ஏப்ரனோடும் ஒரு பழைய பையோடும். கணவரை நாற்காலியில் உட்கார வைத்து ஏப்ரனை மாட்டி, படத்தைப் பார்த்து நீங்களே செய்யுங்கள் என்றாள். மோட்டாரைப் பிரிக்கிற கை. முதல் இரண்டு கட்டத்தை மளமளவென்று செய்தார். மூன்றாவதில் தடுமாறினார். அடுத்த தடவையும் அதே இடத்தில். சர்க்கரை இரவல் கேட்டு வந்த பக்கத்து வீட்டுக்காரி, வயிற்றில் குழாய் தொங்க அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டாள். ஒன்றுமில்லை, படிக்கிறார் என்றாள் மைக் அக்கா.

"இந்த எடத்துல நீ பேசிக்கிட்டே செய்யறே," என்றார் அவர். "பேச்சக் கேட்டா கை தெரியல. கையப் பாத்தா பேச்சு கேக்கல. எனக்கு இருக்கிறது ஒரு மண்டைதானே?"

நாலு கட்டிலிலிருந்து கூப்பிட்டால் எங்கே போவேன் என்று படித்தவர்களைக் கேலி செய்த வாய் யாருடையது என்று அவளுக்கு அப்போது ஞாபகம் வந்தது. அன்றைக்குச் சாப்பாட்டை அவளே பரிமாறினாள். இரண்டாம் தடவையும் கேட்டுக் கேட்டுப் போட்டாள். மறுநாள் மறுபடி எடுத்தார்கள். முதலில் ஒரே வாக்கியம். பிறகு அவள் வாய் மூடும், கை செய்யும். கை முடித்ததும் படம் நின்றுவிடும். பார்க்கிறவர் தன் கையால் செய்துவிட்டு அழுத்தினால்தான் அடுத்தது வரும். இப்படிப் பத்துத் துண்டு. இத்தனை வருடத்துக் குரலுக்கு மொத்தம் பத்தே வாக்கியம்தான் வேலை.

வியாழக்கிழமை மத்தியானம் ஏழாவது துண்டு எடுக்கும்போது அது நடந்தது. முனையைத் திறக்கிற துண்டு. சிஸ்டர் வாசலில் வந்து நின்றிருந்தார். கண்ணாடிக் கடைக்காரரின் மனைவியும் ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மைக் அக்கா மூடியைத் திருகி எடுத்தாள், நன்றாகத்தான் எடுத்தாள். சிஸ்டர் பார்க்கிறாரே என்ற பெருமையில் அவள் சுண்டுவிரல் நீண்டு முனையைத் தொட்டுவிட்டது. தொட்டதோடு விட்டாளா? பால் டம்ளர் விளிம்பைத் துடைக்கிற மாதிரி அதைத் தன் சட்டைக் கையில் ஒரு துடைப்புத் துடைத்துவிட்டு மேலே போனாள்.

"பத்தொம்பது வருஷம்," என்றார் சிஸ்டர்.  அதுவே போதுமானதாக இருந்தது.

மைக் அக்கா காது வரை சிவந்துபோனாள். அழித்துவிடு தம்பி, உனக்குப் புண்ணியமாகப் போகும் என்று கெஞ்சினாள். கம்ப்யூட்டர்க்காரரோ சிரிப்பை அடக்க முடியாமல் அதையே திரும்பத் திரும்ப ஓட்டினார். மூன்றாம் தடவை ஓடும்போது, திரையில் விரல் முனையை நெருங்கிய நேரத்தில், ஓரத்தில் உட்கார்ந்திருந்த அந்த அம்மாள் உஸ்ஸென்று மூச்சை இழுத்துத் தன் கையை வெடுக்கென்று மடிக்குள் இழுத்துக்கொண்டாள். சூடான தோசைக்கல்லிலிருந்து இழுப்பதுபோல.

மைக் அக்கா அந்தக் கையைப் பார்த்தாள். பொறுமையின் மேன்மையை இருபது தடவை கேட்டபோது ஓர் அங்குலம் அசையாத கை அது.

"அழிக்காதே தம்பி," என்றாள்.

"அக்கா, எல்லாரும் பாப்பாங்க."

"பாக்கட்டும். பூவெல்லாம் வச்சு அலங்காரம் பண்ணினதுல ஒருத்தரும் ஒண்ணும் கத்துக்கல. இதுலயாவது கத்துக்கட்டும்."

தப்பு அப்படியே இருந்தது. அதற்குப் பிறகு ஒரு வாக்கியம் சேர்த்தாள்: தொட்டால் துடைக்காதீர்கள், அந்தப் பையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு எடுங்கள். அப்புறம் அவள் கை அந்தப் பையைத் தூக்கிக் குப்பைக் கூடையில் போடும், புதுப் பையை எடுக்கும். சிஸ்டர் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். ஒன்றும் சொல்லாவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள். அன்று சாயங்காலமே பத்துத் துண்டும் அந்த அம்மாளின் கைப்பேசிக்குப் போயிற்று.

சனிக்கிழமை காலையில் கண்ணாடிக் கடைக்காரரைச் சக்கர நாற்காலியில் வைத்துப் பயிற்சி அறைக்குத் தள்ளிக்கொண்டு வந்தவள் மைக் அக்காதான். இன்றைக்கு ஏப்ரன் இல்லை. அவருடைய நிஜக் குழாய். மூலையில் போய் நின்றுகொண்டாள். வாய் திறக்கக் கூடாது என்று சிஸ்டர் அவளுக்குத் தனியாக உத்தரவு போட்டிருந்தார்.

அந்த அம்மாள் ஒன்றும் ஒப்பிக்கவில்லை. ஜன்னலை மூடினாள். மின்விசிறியை நிறுத்தினாள். மேஜையைத் துடைத்தாள், முகமூடி கட்டினாள், விரலிடுக்கெல்லாம் தேய்த்துக் கை கழுவினாள். ஒவ்வொன்று முடிந்ததும் ஒரு நொடி நின்று, பிறகு அடுத்ததற்குப் போனாள். கண்ணாடிக் கடைக்காரர் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார், தன் கடையில் வேறொருவர் கண்ணாடி வெட்டுவதைப் பார்ப்பவர்போல. மூடியைத் திருகினாள். அந்தச் சமயம் பார்த்து சிஸ்டர் தாளில் எதையோ எழுதக் குனிந்தார்.

பையின் முனை புறங்கையில் உரசியது. உரசியதா இல்லையா என்று சொல்ல முடியாத அளவுக்குத்தான். மைக் அக்காவே அதைப் பார்த்ததாகச் சத்தியம் செய்ய மாட்டாள். சிஸ்டர் எழுதிக்கொண்டிருந்தார். கண்ணாடிக் கடைக்காரருக்கு அதன் அர்த்தம் தெரியாது. அறையில் அந்தக் கைக்கு மட்டும்தான் தெரியும்.

அந்த அம்மாள் நின்றாள். புருஷனை ஒரு தடவை பார்த்தாள். பிறகு அந்த முழுப் பையையும் தூக்கிக் கூடையில் போட்டாள். தொப்பென்ற சத்தத்துக்கு சிஸ்டர் நிமிர்ந்தார்.

"என்ன ஆச்சு?"

"பட்டுடுச்சு சிஸ்டர். முதல்லேர்ந்து பண்ணட்டுமா?"

 தேர்வு போயிற்று என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்பது முகத்தில் தெரிந்தது. பண்ணுங்க என்றார் சிஸ்டர். அவள் மறுபடி கை கழுவினாள், புதுப் பையை எடுத்தாள், திறந்தாள், மாட்டினாள். பழைய நீர் இறங்கியது. புது நீர் ஏறியது. அரை மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. மைக் அக்கா வாழ்நாளில் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்ததில்லை. அவளுக்குத் தொண்டை வலித்தது. கடைசி மூடியைத் திருகி முடித்ததும் சிஸ்டர் தாளைத் திருப்பிக் கையெழுத்துப் போட்டார்.

"தப்பு வராத ஆள நான் இதுவரைக்கும் பாத்ததில்ல," என்றார். "தூக்கிப் போடறாங்களான்னுதான் பாப்பேன். கூட்டிட்டுப் போங்க."

கண்ணாடிக் கடைக்காரர் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டார். வாசல் வரை நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போகும்போது மைக் அக்கா அவருக்கு ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. அன்று அவருக்கு அது தேவைப்படவும் இல்லை.

பூப் போட்ட படம் இப்போது பிரார்த்தனைக் கூடத்துப் பெண்கள் சிலருடைய கைப்பேசியில் மட்டும் இருக்கிறது. தூக்கம் வராதபோது கேட்பதாகச் சொல்லுகிறார்கள். வார்டில் ஓடுவது பத்துத் துண்டுப் படம்தான். ஏழாவது துண்டு வந்தால் ஒவ்வொரு தடவையும் சிரிப்பு கிளம்பும். ஒருமுறை யாரோ ஒருவர், யார் இது, வேலை தெரியாத ஆளைக் கொண்டுவந்து நடிக்க வைத்திருக்கிறார்கள் என்று கேட்டார். பின்னால் கட்டிலைத் துடைத்துக்கொண்டிருந்த மைக் அக்கா, "வேலைக்குப் புதுசு போலிருக்கு, பாவம்" என்றாள். குரலை வைத்துக் கண்டுபிடித்து அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஒரு மாதம் கழித்து, விடுப்பு முடிந்து சிஸ்டர் வந்த வாரத்தில், கண்ணாடிக் கடைக்காரரும் மனைவியும் பரிசோதனைக்கு வந்தார்கள். அவர் விரலில் புதிதாக ஒரு கண்ணாடிக் கீறல் இருந்தது, கடை திறந்தாயிற்று. அன்று காலையில் வயிற்றிலிருந்து இறக்கிய நீரைப் பையோடு கொண்டுவந்திருந்தார்கள். கிருமி புகுந்திருந்தால் நீர் கலங்கியிருக்கும். சிஸ்டர் பையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, அதன் பின்னால் அச்சடித்த ஒரு தாளை வைத்து, எழுத்து தெரிகிறதா பாருங்கள் அக்கா என்றார்.

மைக் அக்கா கண்ணைச் சுருக்கிக்கொண்டு குனிந்தாள். பையின் வழியாகத் தெரிந்த எழுத்தை ஒவ்வொன்றாகக் கூட்டி, நிறுத்தி, முதல் வரியைப் படித்தாள். இரண்டாம் வரிக்குப் போனாள்.

"போதும் அக்கா. தெரியுதான்னுதான் கேட்டேன்," என்றார் சிஸ்டர்.

"தெரியுது சிஸ்டர். இருங்க, என்ன போட்டிருக்குன்னு பாத்துடறேன்," என்று சொல்லிவிட்டு அவள் மூன்றாம் வரியைப் படிக்கத் தொடங்கினாள்.